வண்டிப்பேட்டை

நுழையும்முன்

வீடு ஓரிடத்தில் நிற்பது, வண்டி ஓடுவது. இவ்விரண்டையும் ஒன்றாக்கி வாழ்ந்தோர் பண்டைத் தமிழகத்தில் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை ஒட்டிய சாலையோரங்களில் இரவுதோறும் வரிசையாக நிற்கும் லாரிகளைக் கடந்து செல்வோர் பலர். அவற்றுள் அடுப்பெரிவதையும் உலையில் அரிசி கொதிப்பதையும் கவனிப்போர் சிலரே. சக்கரங்களின்மேல் அமைந்த அவ்வில்லங்களைப் பற்றியது இக்கட்டுரை.

* * *

‘கேரவன்’ என்னும் சொல்லைத் தமிழக இளைஞர் பெரும்பாலும் திரைப்படச் செய்திகளின் வழியே அறிந்திருப்பர். படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் குளிர்சாதன வண்டியை அது அவர்களுக்கு நினைவூட்டும். சொல்லின் பழைய பொருள் வேறு. பாரசீகத்தில் ‘கார்வான்’ என்பது பாலைவழியே கூட்டமாகச் செல்லும் வணிகரைக் குறித்தது. பழந்தமிழர் அதனைச் ‘சாத்து’ என்றனர். பொருளீட்டுவதற்காக வண்டியோடும் விலங்கோடும் அலைந்தவர்களின் பெயர், காலப்போக்கில் பொழுதுபோக்குக்காக அலைபவர்களின் வண்டிக்குப் பெயராயிற்று.

அம்மாற்றம் நிகழ்ந்த இடங்களுள் ஒன்று இங்கிலாந்து. அந்நாட்டுக் கடற்படையில் மருத்துவராக இருந்து ஓய்வுபெற்ற வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ், 1885-இல் தமக்கென ஒரு வண்டிவீட்டைக் கட்டுவித்தார். ‘வாண்டரர்’, அதாவது ‘அலைவோன்’ என்று அதற்குப் பெயரிட்டார். இரண்டு குதிரைகள் இழுத்த அவ்வண்டியில் நாயும் கிளியும் உடன்வர, ஸ்காட்லாந்து வரை ஊர்சுற்றினார். வீடின்மையால் அன்று, விருப்பத்தினால் வண்டியில் வாழ்ந்தவர் என்று அவரை இன்றும் குறிப்பிடுவர். அமெரிக்காவில் மோட்டார் வண்டி பெருகியபின் இப்பழக்கம் பெரும் தொழிலாகவே வளர்ந்தது. வடமாநிலங்களின் பனியிலிருந்து தப்ப, ஆயிரக்கணக்கான முதியோர் தம் வண்டிவீடுகளை ஓட்டிக்கொண்டு டெக்சாசின் தென்கோடியிலுள்ள வெம்மையான கடற்கரைச் சமவெளிக்கு வந்து, குளிர்காலம் முழுவதும் தங்குகின்றனர். அங்கே வண்டியை நிறுத்தும் திடல்களில் ஒவ்வொரு வண்டிக்கும் மின்இணைப்பு, குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய் ஆகிய மூன்றும் உண்டு.  நம் அண்டை மாநிலமான கேரளம், 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கை வகுத்து, அடுத்த ஆண்டே வாகமன் மலைப்பகுதியில் அத்தகைய திடல் ஒன்றைத் திறந்தது.

வாகமன் குளிர்ந்த இடம். வெயிலும் புழுக்கமும் மிகுந்த கடற்கரைச் சமவெளியில் வண்டியையே வீடாகக் கொள்வது எப்படி என்பதை அறிய அங்குச் செல்வதால் பயனில்லை. அந்த அறிவு தொண்டை நாட்டுக்குப் புதிதும் அன்று.

உமணர் சகடம்

தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட நூல் பெரும்பாணாற்றுப்படை. பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். பரிசில் நாடிச் செல்லும் பாணன் வழியில் காண்பனவற்றுள் உப்பு விற்கும் உமணரின் வண்டித்தொடரும் ஒன்று. அவ்வண்டியைப் புலவர் காட்டும் முறை, விருந்தினருக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுவது போன்றது. கோழி அடையும் கூடு இருக்கிறது. சிறிய உரல் ஒன்று தொங்குகிறது. ஊறுகாய் நிறைந்த காடிக்கலம் கயிற்றால் இறுகப் பிணிக்கப்பட்டிருக்கிறது. எருதுகளை ஓட்டுபவளோ கைக்குழந்தையை உடைய பெண். குடும்பம் முழுவதும், கோழி உட்பட, வண்டியில்தான்.

உப்பு கடற்கரையில் விளைவது. நெல் உள்நாட்டில் விளைவது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவே உமணரின் ஊர். ஆகவே அவர்கள் வழியிலேயே சமைத்தனர், வழியிலேயே உறங்கினர், பிள்ளைகளை வழியிலேயே வளர்த்தனர். வழி கரடுமுரடானது என்பதையும் அறிந்திருந்தனர். புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினிக்கு உவமையாகக் காட்டுவது, உமணர் தம் வண்டியின் அடியில் கட்டிவைத்திருக்கும் சேமஅச்சினை. மேட்டிலோ பள்ளத்திலோ அச்சு முறியுமாயின் உதவுவதற்கென வைக்கப்பட்ட மாற்று அச்சு அது. இளவரசன் ஒருவனைப் புகழ ஔவையார் வண்டிக்காரரின் முன்னெச்சரிக்கையைத் தேர்ந்தெடுத்திருப்பது எண்ணத்தக்கது.

தெரிந்து தெளிவோம்
லாரியிலும் காரிலும் உள்ள மாற்றுச் சக்கரத்தை நாம் ‘ஸ்டெப்னி’ என்கிறோம். பிரிட்டனின் வேல்சுப் பகுதியில் உள்ள லனெத்லி என்னும் ஊரின் ஸ்டெப்னித் தெருவில், 1904-இல் டேவிஸ் சகோதரர் இருவர் மாற்றுச் சக்கரம் செய்து விற்கத் தொடங்கினர். அத்தெருவின் பெயர் சக்கரத்தின் பெயராகி இந்தியா வரை வந்தது. சேமஅச்சு என்னும் பழந்தமிழ்ச் சொல் குறிக்கும் தேவையும் இதுவே.

பேட்டை

வண்டியில் வாழ்பவருக்கு வண்டி மட்டும் போதாது. அது நிற்பதற்கு இடம் வேண்டும். மாட்டுவண்டிகள் நெடுந்தொலைவு ஓடிய நாள்வரை தமிழகத்தின் பெருவழிகளில் அவ்விடங்களுக்குப் பஞ்சமில்லை. சத்திரம், சாவடி, தண்ணீர்ப்பந்தல், சுமைதாங்கி என ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருந்தது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கிக் கல் நடுவதை நாட்டுப்புற மக்கள் அறமாகக் கொண்டிருந்தனர். இவற்றுள் வண்டிக்காரர்களுக்கே உரியது வண்டிப்பேட்டை. கிணறு, மாடுகள் நீர் அருந்தக் கல்தொட்டி, நிழலுக்குப் புளியோ வேம்போ, வைக்கோல் விற்பவர், லாடம் அடிப்பவர், அச்சு செப்பனிடத் தச்சர், பட்டை பூட்டக் கொல்லர் என அங்கு எல்லாம் கிடைத்தன. வண்டியை அவிழ்த்துவிட்டு, மூன்று கல் கூட்டிப் பொங்கி உண்டு, வண்டியின் அடியிலேயே சாக்கை விரித்து உறங்கினர். டெக்சாசில் இன்று குழாயும் மின்சாரமும் செய்கின்ற வேலையை அன்று கிணறும் புளியமரமும் செய்தன.

சென்னையிலிருந்து வடக்கே செல்லும் வழியில் ஊர்ப்பெயர்களே இதற்குச் சான்றாக நிற்கின்றன. கும்மிடிப்பூண்டிக்கு முன்னால் கவரைப்பேட்டை. ஆந்திர எல்லையைத் தாண்டினால் சூலூர்பேட்டை, நாயுடுபேட்டை. பேட்டை என்னும் சொல் சந்தையும் சரக்கும் மக்களும் கூடுமிடத்தைக் குறிப்பது. தொழிற்சாலைகள் நிறைந்த பகுதிக்குத் ‘தொழிற்பேட்டை’ என்று பெயரிட்டவர்கள் நல்ல சொல்லையே தேர்ந்தெடுத்தனர். ஆனால் தொழிற்பேட்டையைத் திட்டமிட்டவர்கள் அதனுள் வண்டிப்பேட்டைக்கு ஒதுக்கிய இடம் மிகக் குறைவு.

வடக்கு நெடுஞ்சாலை

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது கும்மிடிப்பூண்டி. சென்னையையும் கொல்கத்தாவையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை அதனை ஊடுருவிச் செல்கிறது. முன்பு ஐந்தாம் எண் பெற்றிருந்த அச்சாலை இப்போது பதினாறாம் எண்ணைத் தாங்கியிருக்கிறது. முதியோர் இன்றும் அதனை ‘ஜி.என்.டி. ரோடு’ என்றே வழங்குவர். சிப்காட் நிறுவனம் இங்கு அமைத்த தொழில் வளாகத்தில் இரும்பு உருக்காலைகளும் வார்ப்பாலைகளும் கம்பி உருட்டாலைகளும் வேதிப்பொருள் ஆலைகளும் இயங்குகின்றன. பழைய இரும்பு உள்ளே போகும். முறுக்குக் கம்பி வெளியே வரும். இரண்டையும் சுமப்பது லாரி. தெற்கே எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள். வடக்கே எளாவூர்ச் சோதனைச்சாவடி. எனவே பஞ்சாபிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் நாமக்கல், சங்ககிரியிலிருந்தும் வந்த வண்டிகள் இங்கே ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன.

அவை காத்திருக்கின்றன என்பதே சரி. ஆலையின் வாயிற்சீட்டுக்காக ஒரு காத்திருப்பு. எடைமேடையில் ஒரு காத்திருப்பு. சரக்கை இறக்கியபின் அடுத்த லோடு கிடைக்கும் வரை நீண்டதொரு காத்திருப்பு. ஓரிரவு என எண்ணி நிறுத்திய வண்டி மூன்று நாள் நிற்பதும் உண்டு. ஓடும் நேரத்துக்குத்தான் கணக்கு. நிற்கும் நேரத்தில் ஓட்டுநருக்கு வருமானம் இல்லை, செலவு உண்டு. உணவகத்தில் மூன்று வேளை உண்டால் பயணப்படி கரைந்துவிடும். அதனால்தான் லாரியின் பக்கவாட்டில் ஒரு பெட்டி பொருத்தப்பட்டிருக்கிறது. அதனைத் திறந்தால் சிறிய அடுப்பு, குக்கர், அரிசி, பருப்பு, வெங்காயம், மிளகாய்த்தூள், ஊறுகாய்ப் புட்டி. உமணரின் காடிக்கலம் இடம் மாறாமல் அப்படியே இருக்கிறது! பஞ்சாபியர் வண்டியருகே ரொட்டியின் மணம். பீகாரியர் தணலில் சுடும் லிட்டி. தமிழர் வண்டியில் சோறும் புளிக்குழம்பும். 2020 மார்ச்சு 25-இல் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கி, சாலையோர உணவகங்கள் அடைபட்ட நாள்களில், நெடுஞ்சாலைகளில் அகப்பட்டுக்கொண்ட ஓட்டுநர் பலரைப் பட்டினியிலிருந்து காத்தது இந்தப் பெட்டிதான்.

வெம்மையும் காற்றும்

சமையலைவிடக் கடினமானது உறக்கம். லாரியின் கேபின் இரும்புத் தகட்டால் ஆனது. அதற்கடியில் நாள் முழுவதும் எரிந்த எஞ்சின். பகலில் தகடு வாங்கிய வெப்பம் கதிரவன் மறைந்த பின்னும் உள்ளே கசிந்துகொண்டேயிருக்கும். உள்நாட்டு ஊர்களில் இரவு ஏற ஏற வெப்பம் தணியும். கடற்கரைச் சமவெளியில் வெப்பம் சற்றே தணிந்தாலும் ஈரம் கூடிவிடுகிறது. மனித உடல் குளிர்வது வியர்ப்பதனால் அன்று, வியர்வை ஆவியாவதனால். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்குமாயின் வியர்வை ஆவியாக இடமின்றி உடலிலேயே வழியும். வெப்பமானியில் எண் குறைவாக இருந்தும் புழுக்கம் தாங்க முடியாமற்போவது இதனால்தான்.

இதற்கு இயற்கை தந்த மருந்து கடற்காற்று. நிலம் விரைந்து சூடேற, அதன்மேல் உள்ள காற்று மேலெழும்ப, அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்காற்று வருகிறது. பழவேற்காட்டுக் கரையை முதலில் தொட்டு, ஏரியைத் தாண்டிய பின்னரே அது கும்மிடிப்பூண்டியை அடைய வேண்டும். சித்திரை, வைகாசியில் மேற்கிலிருந்து வறண்ட காற்று வலுவாக வீசும் நாள்களில் கடற்காற்று உள்ளே நுழைய இயலாமல் நெடுநேரம் கரையிலேயே தடைப்படும். அன்று உறக்கம் இல்லை என்பது ஓட்டுநருக்கு மாலையிலேயே தெரியும். வானிலை அறிக்கை படிக்காமலே, மர உச்சியின் அசைவைப் பார்த்து அவர்கள் அதனைச் சொல்லிவிடுவர்.

நாமக்கல் பக்கத்து வண்டி ஒன்றின் கோடை இரவை எண்ணிப்பார்க்கலாம். முதல்முறை நெடும்பயணம் வந்த கிளீனர் இளைஞன் போர்வையும் கையுமாக இறங்கி வருகிறான்.

“ஏனுங்ணா, கேபினுக்குள்ள படுக்க முடியலீங்க. லோடு மேல ஏறிப் படுத்துக்கட்டுங்களா?”

“தார்ப்பாயில சூடு இன்னும் எறங்கலடா தம்பி. கொஞ்சம் பொறு, காத்து திரும்பட்டும். அப்புறம் ஏறிக்கோ, கயித்த இடுப்புல ஒரு சுத்துச் சுத்திக்கோ.”

தூக்கத்தில் உருண்டு விழாதிருக்கவே அந்தக் கயிறு. மேலே படுத்தால் காற்று கிடைக்கும். கீழே படுத்தால் கொசு கிடைக்கும். பக்கச் சட்டங்களில் நான்கு முடிச்சுப் போட்டுக் கொசுவலை கட்டுவது ஒரு கலை. வண்டியை நிறுத்தும்போதே தரை பார்ப்பது மற்றொரு கலை. பழவேற்காட்டுப் பக்கம் சவுக்குத் தோப்பின் நிழல் மயக்கும். ஆனால் அங்குள்ள மணலில் சரக்கேற்றிய வண்டியின் சக்கரம் புதைந்தால் மீட்பது அரிது. ஏரிக்கரை ஓரத்துக் களிமண் கோடையில் கல்லாக இருக்கும்; ஒரு மழைக்குப் பின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். திருவள்ளூர் மாவட்டத்து மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் பெய்வது. புயல்களும் அப்பொழுதே வரும். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையருகே கரையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தன. கோடையில் தேடி நிறுத்திய மரத்தடியை ஐப்பசி, கார்த்திகையில் விலக்க வேண்டும் என்பதனை அத்தகைய நாள்கள் கற்பித்தன. இவை எதுவும் பாடநூலில் இல்லை. மூத்தவர் சொல்ல இளையவர் கேட்டு வருவது.

இல்லாத ஒன்று

உமணர் சகடத்தையும் இந்த லாரியையும் அருகருகே வைத்தால் பலவும் ஒத்திருக்கின்றன. ஒன்று மட்டும் இல்லை. சகடத்தை ஓட்டியவள் குழந்தையை உடைய பெண். லாரியில் பெண்ணும் இல்லை, குழந்தையும் இல்லை. வண்டியின் நெற்றியில் பிள்ளைகளின் பெயர்கள் வண்ணத்தில் எழுதப்பட்டிருக்கின்றன, அவ்வளவே. வீட்டின் எல்லாப் பொருள்களும் இருந்து, வீட்டார் மட்டும் இல்லாத வீடு அது. இரவில் வரிசையாக நிற்கும் கேபின்களுக்குள் கைப்பேசித் திரைகள் ஒளிர்கின்றன. மகளின் தேர்வு எப்படி நடந்தது என்று ஒடியாவில் ஒரு குரல் கேட்கிறது. தாயின் மருந்தைப் பற்றித் தெலுங்கில் ஒரு குரல் விசாரிக்கிறது.

‘வண்டியை விட்டிறங்கி ஒரு விடுதியில் உறங்கினால் என்ன?’ என்று கேட்கத் தோன்றும். எண்ணெய் நிறுவனங்கள் நெடுஞ்சாலைப் பெட்ரோல் நிலையங்கள் சிலவற்றில் ‘அப்னா கர்’, அதாவது ‘நம் வீடு’ என்ற பெயரில் ஓட்டுநர் ஓய்வில்லங்களை அமைத்து வருகின்றன. படுக்கை, குளியலறை, தாமே சமைத்துக்கொள்ள இடம் ஆகியவை அங்கு உண்டு. நல்ல முயற்சி. எனினும் பலர் வண்டியை விட்டு அகலுவதில்லை. தார்ப்பாயைக் கிழித்துச் சரக்கை எடுத்துவிடுவர், டீசல் தொட்டியைத் திறந்துவிடுவர், மின்கலத்தைக் கழற்றிவிடுவர். இழப்பு ஓட்டுநரின் கணக்கில் ஏறும். ஆகவே அவர் உறங்குவது பாதி உறக்கம், மறுபாதி காவல். காவலும் சுற்றுச்சுவரும் விளக்கும் உள்ள திடல் ஒன்றில் வண்டியை விட்டால்தான் விடுதிப் படுக்கைக்கு மதிப்பு. சாலையோரத்தில் விளக்கின்றி நிற்கும் வண்டியின் பின்னால், இருளில் விரைந்து வருவோர் மோதி உயிரிழக்கும் விபத்துகளையும் அத்தகைய திடல்கள் குறைக்கும். திடல் ஓட்டுநருக்கு மட்டும் உரிய நலன் அன்று.

சட்டம் இதனை முற்றிலும் மறந்துவிடவில்லை. 1961-ஆம் ஆண்டு மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி நேரமே பணி என்றும், ஐந்து மணி நேரத் தொடர்பணிக்குப் பின் அரைமணி நேரமேனும் ஓய்வு என்றும் வரையறுத்தது. ஓய்வு எவ்வளவு என்று சொன்ன சட்டம், எங்கே என்று போதிய அளவு சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் திருத்திய விதி இன்னும் ஒரு படி மேலே சென்றது. வாரத்துக்குரிய 45 மணி நேர ஓய்வை ஓட்டுநர் வண்டிக்குள் கழிக்கலாகாது. தக்க தங்குமிடத்துக்கான செலவை முதலாளியே ஏற்க வேண்டும் என்பது அவ்விதி. அதே ஐரோப்பாவில் விடுமுறை நாள்களில் இலட்சக்கணக்கானோர் விரும்பி வண்டிவீடுகளில் உறங்குகின்றனர் என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வண்டியில் உறங்குவது குற்றமன்று, குறையுமன்று. வேறு வழியில்லாமல் உறங்குவதே அவ்விதி தடுக்க முனைவது.

பழவேற்காட்டைச் சுற்றுலாத் தலமாக அறிந்தோர் பலர். நீர்ப்பரப்பில் பூநாரைகள் இறங்கும் மார்கழி, தை மாதங்களில் அங்கு வண்டிவீட்டைக் கொண்டுவந்து நிறுத்துவது இனிய அனுபவமாகவே இருக்கும். குளிர்ந்த காற்று, தணிந்த வெயில், அருகில் டச்சுக்காரர் கல்லறைத் தோட்டம், மீன்சந்தை. அத்தகைய திடல் ஒன்று இம்மாவட்டத்தில் என்றேனும் அமையலாம், அமையட்டும். அதற்கு வேண்டிய நீர்க்குழாயும் கழிப்பறையும் விளக்கும் காவலும் நிழலும், சில கல் தொலைவிலுள்ள தொழிற்பேட்டைச் சாலைக்கும் அப்படியே பொருந்தும். செலவிலும் பெரிய வேறுபாடு இராது.

2025 அக்டோபர் 1 முதல் உற்பத்தியாகும் நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிகளின் கேபினில் குளிர்சாதனம் கட்டாயம் என்று ஒன்றிய அரசு விதித்துள்ளது. பகலில் ஓட்டுபவருக்கு அது பெரும் ஆறுதல். ஆனால் அக்குளிர்சாதனம் எஞ்சின் ஓடினால்தான் இயங்கும். இரவு முழுவதும் எஞ்சினை ஓடவிட்டு டீசல் எரிக்க எந்த உரிமையாளரும் உடன்படார். முன்னரே சாலையில் ஓடும் வண்டிகளுக்கோ அவ்விதி பொருந்தாது. ஆகவே கும்மிடிப்பூண்டியில் கோடை நாளில் வந்து சேரும் ஓட்டுநர் முதலில் தேடுவது இன்றும் மரத்தடிதான். சாலை அகலமாகும்போதெல்லாம் முதலில் போவது ஓரத்து மரங்கள். எஞ்சியவற்றின் அடியில் இடம் கிடைக்காதவர் ஆலைச் சுவரை நாடுகிறார். பிற்பகலில் சுவரின் கிழக்குப் பக்கம் நிழல் விழும். அப்பக்கத்துத் தகடு இரவில் சற்று முன்னதாக ஆறும். அவ்விடத்தைப் பிடிப்பதற்காக நண்பகலுக்கு முன்பே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, ஸ்டெப்னியின்மேல் அமர்ந்து வெங்காயம் உரிக்கத் தொடங்குகின்றனர்.